இறால் தலைக் குழம்புக்குப் போட்ட பெயர்

சமையல் குறிப்புக்குக் கீழே ஒரு பெயரைப் போடுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று உங்களில் யாரோ கேட்டீர்களாம். எனக்குச் செய்தி வந்துவிட்டது. ஓய்வு வாங்கிக்கொண்டு திருவொற்றியூரில் வீட்டோடு கிடக்கிறேன் என்றாலும் என் காது இன்னும் ராயபுரத்தில் நம் சமையல் தளத்தின் அலுவலகத்தில்தான் இருக்கிறது. கேட்டதில் தப்பில்லை. வேலையில் இருந்த காலத்தில் முக்கால்வாசி நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளை எழுதியவள் நான்தான். அடுத்தவர் குறிப்பென்றால் அவர் பெயர் வேண்டும். இன்னொருவர் வலைப்பதிவில் பார்த்ததென்றால் அந்தப் பக்கத்துக்கு இணைப்பு வேண்டும். அவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே வழித்து ஒட்டக்கூடாது, படத்தைத் தொடவே கூடாது. மிளகாயைக் குறைத்துப் புளியைக் கூட்டிவிட்டு ‘என் கண்டுபிடிப்பு’ என்று மார்தட்டக்கூடாது. இதெல்லாம் படித்தால் புரிந்துவிடும். புரியாதவர்களை என்னிடம் அனுப்புங்கள், இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் தளத்துக்கு எழுத வருகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒரு அம்மாள் கத்தரிக்காய்த் தொக்கு அனுப்பினார், மாமியார் வீட்டுப் பரம்பரைக் குறிப்பாம். நான் எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று நிறுத்திவைத்தேன். கோபத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். ‘படத்தைப் பாருங்க, என் கைதான் கிண்டுது’ என்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார். படத்தில் கரண்டி பிடித்திருந்த கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது. இவர் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் படத்தைத் திருப்பிக் காட்டினேன். ‘வெய்யிலா கீது, நான் வரேன்’ என்று கிளம்பிவிட்டார்.

திருடுகிறவர்களைப் பிடிப்பது சுலபம் என்று சொல்ல வந்தேன். எனக்கு இந்த வேலையில் தூக்கத்தைக் கெடுத்தது திருட்டே இல்லாத ஒரு விஷயம். ஒருத்தி மனசார, நேர்மையாக, கைகூப்பிப் பெயர் போட்டாள். அதில் வந்த வினை அது. அதைத்தான் எழுதப்போகிறேன். இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவள் பெயர் கலா. எம்.கே.பி. நகரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் பெண். பிறந்து வளர்ந்தது எண்ணூர் முகத்துவாரக்குப்பம். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தாள், கொஞ்ச நாளில் அவளைப் பெற்றவர்களும் குப்பத்தை விட்டு வந்துவிட்டார்கள். அவள் நம் தளத்துக்கு அனுப்பியது இறால் தலைக் குழம்பு. இறாலை உரித்துச் சதையை விற்றுவிட்ட பிறகு மிஞ்சுகிற தலைகளை நசுக்கிப் பிழிந்து, அந்தச் சாற்றில் மாங்காய் போட்டுக் கொதிக்கவைப்பது. எண்ணெய் பேருக்குத்தான். குறிப்பின் முதல் வரியிலேயே எழுதியிருந்தாள்: இது என் சமையல் இல்லை, எங்கள் தெருவில் சேகரம்மா என்று ஒருவர் இருக்கிறார், அவர் கையால் கற்றது.

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. இருந்தாலும் நம் வழக்கம் இருக்கிறதே, போன் போட்டேன்.

‘கலா, சேகரம்மாவோட சொந்தப் பேரு என்னம்மா?’

‘தெர்லக்கா. சேகரம்மான்னா எங்க ஏரியால கொயந்தைக்குக்கூட தெரியும்.’

‘இந்த மாதிரி பேர் போடப்போறோம்னு அவங்ககிட்ட கேட்டியா?’

‘இத்தப் போய் கேக்கணுமாக்கா? பேரப் போட்டா சந்தோசந்தான படுவாங்க? நம்ம பேரு போன்ல வருதுன்னா யாருக்குத்தான் கசக்கும்?’

எனக்கும் கசக்கும் என்று தோன்றவில்லை. வடசென்னையில் பிள்ளை பிறந்த மறுநாளே ஒரு பெண்ணின் பெயர் போய்விடும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூத்த பிள்ளை பெயரோடு அம்மாவைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள், அதுவே பெயராக நிலைத்துவிடும். எங்கள் தெருவில் என் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் சேகரம்மா என்பதையே போட்டேன். வேறு யாரும் வந்து உரிமை கொண்டாடக்கூடாது என்று குப்பத்தின் பெயரையும் பெரிய எழுத்தில் சேர்த்தேன். பெயர் போட்டாயிற்று, ஊர் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

குழம்பு காலையில் தளத்தில் ஏறியது. நம் பக்கத்தில் மீன் குறிப்பு என்றால் எப்போதுமே கூட்டம். அது எப்படியோ குப்பத்து வாட்சப் குழுவுக்குப் போய்விட்டது. மதியத்துக்குள் கீழே கருத்துகள் குவிய ஆரம்பித்தன. எங்க சேகரம்மா, சேகரம்மா கை மணம், சேகரம்மா கொயம்புக்கு ஈடு இல்ல. நான் உள்ளூரப் பெருமைப்பட்டேன். பெயர் போடுவதன் அருமை இப்போது தெரிகிறதா என்று பக்கத்து மேஜைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

‘யாரு அந்தப் பேர போட்டது?’ எடுத்ததுமே ஒரு பெண் குரல் கத்தியது.

‘எந்தப் பேரும்மா? நீங்க யாரு?’

‘எங்கம்மா பேரு. நான் பானு பேசறேன், முகத்துவாரக்குப்பம். சேகரம்மான்னு போட்டு கீறீங்களே, சேகரு எங்க அண்ணன். அவன் செத்துப் போனது தெரியுமா உங்களுக்கு?’



அவள் அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னதை நான் வரிசைப்படுத்திச் சொல்கிறேன். சேகர் தலைப்பிள்ளை. ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். ஒரு நாள் முகத்துவாரத்தில் அலை பொங்கிப் படகு கவிழ்ந்தது. கூட இருந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள், அவன் ஏறவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் முடிவெடுத்ததாகவும் தெரியவில்லை. கருமாதி முடிந்து மறுநாள் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது ஒருத்தி, ‘பானும்மா, உன் குடத்த வை’ என்றாளாம். அன்றிலிருந்து தெரு முழுக்க பானும்மாதான். சேகர் என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தத் தாய் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைக்க வேண்டுமே என்ற இரக்கம். வீட்டிலும் அந்தப் பேச்சே கிடையாது. அவன் படத்தைக்கூடத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

கலாவுக்குச் சேகர் இறந்தது தெரியும். சேதி கேட்டு எம்.கே.பி. நகரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தெருவில் பெயர் மாறியது மட்டும் தெரியாது. ஊரை விட்டுப் போனவளுக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்? அவள் வாயில் பழைய பெயர்தான் இருந்தது.

‘அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது’ என்றாள் பானு. ‘பக்கத்து வூட்டு மருமவ போன எட்த்தாந்து சத்தமா படிச்சுக் காட்டி கீது. அது வேற ஊர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தது, அதுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மா அப்டியே செவுத்தப் பாத்து படுத்துட்ச்சு. கூப்ட்டா பேசல, சோறு வோணாங்குது. இப்ப எடுக்கறீங்களா, நான் அங்க வரட்டா?’

நீங்கள் நாளைக்கு என் நாற்காலியில் உட்காரும்போது இப்படி ஒரு போன் வரும். வந்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே ஒரு நிமிஷம் யோசியுங்கள். எனக்கு யோசிக்க நேரம் இல்லை. ஒரு பக்கம் பானு பதிலுக்குக் காத்திருக்கிறாள். இன்னொரு பக்கம் நம் தளத்தை நடத்தும் அண்ணாச்சி. அவர் குடும்பம் தெற்கிலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம், வம்பு என்றால் காத தூரம் ஓடுவார்.

‘ஏம்மா, நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? பேரைத் தூக்கிட்டு வாசகி ஒருவர்னு போட்டுருங்க. சோலி முடிஞ்சிரும்லா?’

‘வாசகி ஒருவரா? அண்ணாச்சி, அந்தம்மா நம்ம பக்கத்த வாசிச்சுட்டா குழம்பு வெச்சாங்க? அவங்களுக்கு வாசிக்கவே தெரியாது!’

‘அப்ப மொத்தமா தூக்கிருங்க.’

‘தூக்கினா நாளைக்கே வேற ஒருத்தி இத தன் குழம்புன்னு போடுவா. ஏற்கெனவே ஊரே பார்த்தாச்சு.’

‘என்னமோ செய்யுங்க, நாளைக்கு ஆளுக வந்து நம்ம கதவைத் தட்டக்கூடாது.’

கலாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. மருந்துக்கடையில் நின்றபடியே தேம்பினாள். ‘நான் இன்னாக்கா பண்ணிட்டேன்? நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்கா எய்தினேன். சேகரண்ணன் என்ன தோள்ல தூக்கிக்கினு கடலு காட்டின ஆளுக்கா.’ அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை, தேற்றவும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

பிறகு பானுவைக் கூப்பிட்டுக் கேட்டேன்: ‘இப்ப உங்க தெருவுல கூப்பிடற மாதிரி பானும்மான்னு மாத்தட்டுமா?’

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ‘போடு’ என்றாள்.

மாற்றினேன். சாதாரணமாக நாம் ஒரு தவறைத் திருத்தினால் கீழே திருத்தக் குறிப்பு எழுதுவோம். இதில் எழுதினால் அந்தப் பெயரை மறுபடி சொன்னதாகிவிடும் என்று எழுதவில்லை. கருத்துகளில் எங்கெல்லாம் சேகர் என்று கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் நீக்கிக்கொண்டே போனேன். ஒருவர் நீளமாக ஏதோ எழுதியிருந்தார், அதிலும் அந்தப் பெயர் இருந்தது, அதையும் நீக்கினேன். ஆள் வைத்துக் கழுவிவிட்ட மாதிரி பக்கம் சுத்தமாகிவிட்டது. அண்ணாச்சி எட்டிப்பார்த்து, ‘நல்லதாப் போச்சு’ என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பதறாமல், குறிப்பையும் விடாமல், பெயரையும் விடாமல் காரியத்தை முடித்தோமே என்று ஒரு திருப்திகூட இருந்தது.

ஆனாலும் அந்தம்மாளை நேரில் பார்க்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் கலாவைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் வரவே மாட்டேன் என்றாள். ‘எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வர்றது? தெருவே என்னத் திட்டும்கா.’ திட்டினால் இரண்டு பேருமாக வாங்கிக்கொள்வோம் வாடி என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் கடல், நடுவில் கழிமுகம். சாம்பல் படிந்து படிந்து தண்ணீர் எந்த நிறம் என்று சொல்ல முடியாது. முன்னே மாதிரி இறால் படுவதில்லை என்று கலா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பேச்சை வேறு பக்கம் திருப்பத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து அந்தம்மாள் இறால் உரித்துக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும், பார்க்க என்னைவிட மூத்தவராகத் தெரிந்தார். பானு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள், வா என்று சொல்லவில்லை. அம்மாள் கலாவை நிமிர்ந்து பார்த்தார்.

‘கலாவா? எளச்சுட்டியேடி.’

அவ்வளவுதான், கலா அவர் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் நின்றபடியே, வழியெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். உங்களைக் கேட்காமல் அந்தப் பெயரைப் போட்டது தப்பு, பெற்ற வயிற்றை எரிய விட்டுவிட்டோம், மன்னித்துக்கொள்ள வேண்டும் என்று.

அவர் இறாலைக் கீழே வைக்கவில்லை.

‘போட்டதுக்கு நான் இன்னா சொன்னேன்?’ என்றார். ‘ஏன் எட்த்தீங்க?’

எனக்கு முதலில் புரியவில்லை. பானுவைப் பார்த்தேன். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘பக்கத்து வூட்டுப் பொண்ணு போன வெச்சுக்கினு படிச்சா. சேகரம்மான்னு படிச்சா. அவன் போனதுலேர்ந்து இந்தத் தெருவுல ஒரு வாயி அந்தப் பேர சொன்னது கெடையாது. நல்லதுக்குத்தான் சொல்லாம இருந்தாங்கோ, எனுக்குத் தெரியாதா? ஆனா நானே வாய்க்குள்ள சொல்லிப் பாப்பேன், மறந்துடுமோன்னு பயமாக்கீதுன்னு. அன்னிக்கு ஊரே சொல்லுது. சேகரம்மா, சேகரம்மான்னு. நான் படுத்துக்கினுதான் இருந்தேன். அயுதேன்தான். பெத்தவ அயுவாம இன்னா பண்ணுவா? ஆனா காத தெறந்து வெச்சுக்கினுதான் படுத்திருந்தேன்.’

‘அம்மா’ என்றாள் பானு.

‘இருடி. சாயங்காலம் எய்ந்து அந்தப் பொண்ணாண்ட போயி இன்னொரு தபா படிடின்னேன். பானும்மான்னு படிக்கறா. வேற எங்கியாவது அந்தப் பேரு கீதா பாருன்னேன். எங்கியும் இல்லன்னுட்டா.’ இப்போதுதான் இறாலைத் தட்டில் போட்டார். ‘கடலு ஒரு தபா எட்த்துக்கினு போச்சு. நீங்க ரெண்டாந்தபா எட்த்துக்கினு போய்ட்டீங்களே.’

நான் இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதிலுக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பேசியது பானுதான். ‘அப்ப என் பேரச் சொல்லி உன்னக் கூப்ட்டா உனுக்குப் புடிக்கலியாம்மா?’

குரல் ரொம்ப மெதுவாக வந்தது. போனில் கத்தியவள் இவள்தானா என்று இருந்தது.

‘அண்ணன் இருந்த வரைக்கும் எல்லாம் அவந்தான். அவன் போன அப்புறந்தான் என் பேரே இந்தத் தெருவுல கேட்டுச்சு. நான் இத்தினி நாளா அதுல ஒரு...’ அவள் முடிக்கவில்லை.

அம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தார். ‘நீ கீறடி. உனுக்கு நான் கீறேன், வேல கீது, நாளைக்கு ஒரு வூடு வாசல்னு வரும். அவனுக்கு இன்னா கீது சொல்லு? அந்தப் பேரு ஒண்ணுதான கீது.’

பானு உள்ளே போய்விட்டாள்.  யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பஸ்ஸில் திரும்பும்போதும் யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன். இருவருமே பாவம்.

கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அத்தே, உங்க சொந்தப் பேரையே போட்டுடலாமா? யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது’ என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன். புத்தகத்துப் புத்தி அப்படித்தான் சொல்லும், ஒரு பெண்ணுக்கு அவள் சொந்தப் பெயரைக் கொடுப்பதுதானே முறை.

‘பவுனம்மாளா?’ என்று கேட்டுவிட்டு அவர் ஒரு மாதிரி சிரித்தார். ‘அது ரேசன் கார்டுல கீது. அவளுக்கு எங்க கொயம்பு வெக்கத் தெரியும்? நான் இந்தக் கொயம்ப வெச்சுக் கத்துக்கினதே அவனுக்காகத்தான். சத எல்லாம் வித்துட்டு வந்தா தலதான் மிஞ்சும். அதுல வெச்சுக் குடுத்தா மூணு வேளையும் துன்னுவான். சேகரம்மான்னே போடு.’

சரி, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். பிள்ளைகளா, பெயர் யாருடையதோ அவரைக் கேளுங்கள். போடும் முன்னால் கேளுங்கள், எடுக்கும் முன்னாலும் கேளுங்கள். அவர் மகள் சொன்னாள், அக்கம்பக்கம் சொன்னது, முதலாளி சொன்னார் என்பதெல்லாம் அவர் சொன்னதாகாது. போன் எடுக்கத் தெரியாதவர் என்றால் பஸ் பிடித்துப் போய்க் கேளுங்கள். நான் பஸ் பிடித்தேன், ஆனால் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு பிடித்தேன்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது அந்தம்மாள் என் கையைப் பிடித்தார். கையில் இறால் ஈரம்.

‘உன் போன்லயாவது அது வருமா? அன்னிக்கு அந்தப் பொண்ணு இன்னொண்ணும் படிச்சா. கீய யாரோ எய்தி இருந்தாங்களாம். சேகரோட தோஸ்துன்னு ஒருத்தன். ஒண்ணா தொயிலுக்குப் போவோம், அவன் தூக்குவாளில எப்பவும் இந்தக் கொயம்புதான் இருக்கும்னு எய்தி இருந்தான். அப்புறம், அன்னிக்குக் காலைல படகு எடுக்கறப்ப சேகரு என்னாண்ட ஒண்ணு சொன்னான்னு எய்தி இருந்தான். அது வரைக்கும் படிச்சா. எனுக்கு மயக்கமா வந்துட்ச்சு, பானு வந்து போன புடுங்கிக்கினா. மீதிய நான் கேக்கல. அத்த மட்டும் கொஞ்சம் படிச்சுட்டுப் போம்மா. இன்னா சொன்னானாம்?’

கலா சட்டென்று என்னைப் பார்த்தாள்.

நீளமாக எழுதியிருந்தாரே ஒருவர், அது. நான் அதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பெயர் கண்ணில் பட்டது, நீக்கினேன். என்ன எழுதியிருந்தது என்று கொஞ்சமாவது ஞாபகம் இருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். பொய்யாகவாவது ஏதாவது சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், கடவுளே, நினைத்தேன். ஆனால் செத்தவன் வாயில் என் வார்த்தையை வைப்பதா? அடுத்தவர் சொன்னதை அடுத்தவர் சொன்னதாகவே சொல் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

‘அது இப்ப இல்லம்மா’ என்றேன். ‘நான் அழிச்சிட்டேன்.’

‘அயிச்சிட்டியா?’

‘ஆமா.’

அவர் என் கையை விட்டுவிட்டு, தட்டை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த இறாலை எடுத்தார்.  நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

அன்று மாலையே பெயரை மாற்றினேன். தளத்தின் தொழில்நுட்ப வேலை பார்த்தவர்கள் என்னென்னவோ முயன்று பார்த்தார்கள், அழித்தது அழித்ததுதான் என்றார்கள். எழுதியவர் சொந்தப் பெயரில் எழுதவில்லை, ஏதோ புனைபெயர், படமும் கிடையாது. கலா குப்பத்தில் வீடு வீடாக விசாரித்தாள். சேகரோடு படகில் போனவர்களில் ஊரில் இருக்கிறவர்கள் நாங்கள் எழுதவில்லை என்றார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். தெருவில் இன்றும் அவரைப் பானும்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் பக்கத்தில் மட்டும்தான் சேகரம்மா.

அந்தக் குறிப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேகரின் நண்பருக்கு, அன்று நீங்கள் எழுதியதை நாங்கள் நீக்கிவிட்டோம், தயவுசெய்து மறுபடி எழுதுங்கள், அவர் அம்மா கேட்கிறார் என்று. பக்கத்தை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று யாரும் அதில் கை வைத்துவிடாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் அதைத் தினமும் திறந்து பார்க்கிறேன்.

பானுவிடமிருந்து அவ்வப்போது போன் வரும். நலம் விசாரிப்பு எதுவும் இருக்காது.

‘எய்தி கீறாங்களாக்கா?’ என்று கேட்பாள்.

‘இல்லம்மா’ என்பேன்.

‘சரிக்கா’ என்று வைத்துவிடுவாள். அம்மாவிடம் போய் என்ன சொல்கிறாள் என்று நான் இதுவரை கேட்டதில்லை.